மலை அஞ்சு

டீச்சர்,

உங்கள் சுருதிப் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. சரியாக ஒலிக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

உங்கள் மகள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், அப்படியே கொழிஞ்சாம்பாறைக்கும் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். உங்கள் பழைய வாயில் சேலையில் சுற்றி வைத்திருந்தாள். பிரித்ததும் ஏலக்காயும் பூஞ்சணமும் கலந்த வாசனை அடித்தது. மலையில் உங்கள் வீட்டு மர அலமாரியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. "அம்மா போய் வருசம் ஆகப் போகுது. இது உங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ரீடு எல்லாம் சுருதி விலகிக் கிடந்துச்சு டீச்சர். கோயம்புத்தூர்ல குடுத்துச் சரி பண்ணிட்டேன். இப்ப பக்காவா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நல்ல பிள்ளை. காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவள் தெருமுனை திரும்பியதும் உட்கார்ந்து துருத்தியை அமுக்கினேன். பெட்டியின் மேல் நீங்கள் சிவப்புச் சாயத்தில் எழுதிய 5 அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்து வந்ததும் ஐந்து கட்டைச் சுருதியேதான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இந்தப் பெட்டி உண்மை பேசுகிறது. உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்பதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோதும் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் போட்டதில்லை.

பாலக்காட்டில் நடந்த அந்தக் கோடைப் பயிற்சி முகாமை நினைத்துக்கொள்கிறேன். எழுபதுகளின் நடுவில். சித்தூர்ப் பக்கத்து ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நான் பாட்டு டீச்சராகச் சேர்ந்து முதல் வருஷம் முடிந்திருந்தது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. நீங்கள் தேவிகுளத்துக்குக் கீழே எஸ்டேட் பள்ளியில் பல வருஷம் பாடி உரம் ஏறியவர். முப்பது பாட்டு டீச்சர்கள் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் எழுந்து பாடுவார், மற்றவர்கள் "ரொம்ப நல்லா இருந்தது" என்போம், அடுத்தவர் எழுவார். குரலைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மருந்து சொன்னார்கள். மிளகு, பனங்கல்கண்டு, சித்தரத்தை, தேன். ஒருவர் வெண்டைக்காய் தண்ணீர் என்றார். தொண்டைக்குள்ளே என்ன நடக்கிறது, எதை இறுக்குகிறோம், எதை விடுகிறோம் என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அது அவரவர் குரு காதில் ஓதிய ரகசியம் என்பதுபோல் ஒரு முகம் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் எழுந்தீர்கள். "ஆறு பீரியடு பாடிட்டுச் சாயங்காலம் ஒங்க தொண்டை எப்படி இருக்கு? பாட்டு வேண்டாம், அதச் சொல்லுங்க" என்றீர்கள். மேடையிலிருந்த பெரியவர், "அதெல்லாம் அவரவர் பாக்கியம், அம்மா" என்றார். "பாக்கியம்னா எதுக்குங்க ஐயா கேம்ப்பு, எல்லாரும் ஊட்டுல இருந்து சாமி கும்பிடலாமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் என் தொண்டை தினமும் நாலு மணிக்கு மணலை விழுங்கியதுபோல் இருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டு டீச்சர் அதைச் சொன்னால் மிச்சம் என்ன இருக்கிறது?

சாப்பாட்டு வரிசையில் உங்களிடம் மட்டும் சொன்னேன். கையில் தட்டோடு இருந்த என் இரண்டு கன்னத்திலும் விரலை ஊன்றிப் பார்த்தீர்கள். "ஏன் டீச்சர், தாடையச் சாவி போட்டுப் பூட்டியா வச்சிருக்கீங்க?" முப்பது பேர் பார்க்க, பாயசத்துக்கு நிற்கும்போது. அந்த நிமிஷமே உங்கள் மேல் எனக்கு முதல் கோபம் வந்தது. அந்த நிமிஷமே நாம் சிநேகிதிகளும் ஆனோம்.

கடிதம் போட்டுக்கொள்வதாக முடிவாயிற்று. விதிகளை நீங்கள்தான் வகுத்தீர்கள். ஒருவரையொருவர் புகழக் கூடாது. வகுப்பில் செய்து பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி அன்றைய சாயங்காலம் தொண்டை எப்படி இருக்கிறது என்பதாக இருக்க வேண்டும், அதில் பொய் கூடாது. நான் இன்லண்ட் கடிதத்தில் மூன்று பக்கமும் நிரப்பி எழுதுவேன். உங்களிடமிருந்து ஒரு தபால் கார்டு வரும். இரண்டு வரி இருக்கும். நான் மூச்சைப் பற்றிக் கேட்டிருப்பேன், நீங்கள் முழங்காலைப் பற்றி எழுதியிருப்பீர்கள்.

"மாடு அசைபோடுவதைப் பார்க்கவும். தாடை அப்படித் தொங்க வேண்டும். தொண்டை: பூப்போல."

இது ஒரு கார்டு, முழுதும் இவ்வளவுதான். நான் அப்பாவின் கட்டுத்தரையில் போய் மாட்டுக்கு முன்னால் நின்று வாயை அசைத்துப் பார்த்தேன். அம்மா வந்து, "ஏன் கண்ணு, மாட்டுக்கு எதாச்சு சீக்கா?" என்றாள். ஆனால் தாடை இளகியது. பத்தே நாளில் மணல் குறைந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிடும்போது நீங்கள் போய் அவர்கள் தாடையில் கை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த வித்தையாம் இது. அதையும் ஒரு வருஷம் கழித்து வேறு எதற்கோ எழுதிய கார்டின் ஓரத்தில்தான் தெரிந்துகொண்டேன். முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த கார்டு. "வரி முடியுமுன் மூச்சு முடிந்தால் வரி நீளம் இல்லை. முதல் எழுத்திலேயே கொட்டிவிட்டீர்கள்." இதுவும் பலித்தது. நான் உங்களை அப்படியே நம்ப ஆரம்பித்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. சித்தூர் வட்டாரத்தில் இன்னும் மூன்று பள்ளிகளில் பாட்டு டீச்சர்கள் இருந்தார்கள், எனக்குப் பழக்கம். உங்கள் கார்டு வரும்போதெல்லாம் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்து அவர்களுக்கும் அனுப்பினேன். உங்களிடம் கேட்கவில்லை. நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். முகாமில் மூடி வைத்தவர்களைப் பார்த்துச் சலித்தவள் நான், நானாவது திறந்து வைக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கார்டு வந்தது.

"நாலு கட்டையில் பாடினால் பிள்ளைகள் உறங்கும். ஐந்துக்கு ஏறவும். நான் ஐந்தில் ஆறு பீரியடு பாடுகிறேன். தொண்டை: பூப்போல."

கட்டை ஏற ஏறக் குரல் மேலே ஏறும், பாடம் கேட்காத பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கும், அது எனக்கும் தெரியும். நாலில் சுகமாக இருந்த நான் மறுநாளே ஐந்துக்கு ஏறினேன். மற்ற மூவருக்கும் பிரதி போயிற்று, அவர்களும் ஏறினார்கள். இரண்டு வாரத்தில் மணல் திரும்பி வந்தது. நான் எழுதினேன். "தாடை இறுகுகிறது, மாட்டைப் பார்க்கவும்" என்று பதில். மாட்டைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் குரல் கரகரத்தது. எழுதினேன். "புளியைக் குறைக்கவும்." குறைத்தேன். மேல் ஸ்தாயி தொட்டால் காற்று மட்டும் வருகிறது என்று எழுதினேன். "கோபம் தொண்டையில்தான் உட்காரும். கோபப்படாதீர்கள்." அந்தக் கார்டைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க முடியும். ஒரு தடவையாவது "ஐந்தை விடுங்கள்" என்று எழுதினீர்களா? உங்களால் முடிந்தது எனக்கு முடியவில்லை என்றால் தப்பு என்னுடையது. உங்களுக்கு வேறு யோசனையே வராது.

ஓணம் லீவுக்கு முன் ஒரு நாள் பிரேயரில் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அறுநூறு பிள்ளைகள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஹெட்மாஷ் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "தையல் டீச்சர் லீவு. நீங்க அந்தக் கிளாஸைப் பாத்துக்குங்க. குரல் வரலைன்னா பாட்டு போஸ்ட் எதுக்குன்னு மேலேருந்து கேப்பாங்க, நான் என்ன எழுத?" என்றார். மோசமான மனுஷர் இல்லை, கேட்டது நியாயம்தான். கோயம்புத்தூரில் தொண்டை டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டும் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்றார். வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைக்கத் துணிந்தேன் டீச்சர். பாட்டு போய்விடும் என்பதைத்தான் நினைக்கவே முடியவில்லை. இருபத்து நாலு வயது எனக்கு, பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஓணம் லீவில் ஒரு சிலேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மாறி மாறி வந்து, குளிரில் பல் கிடுகிடுக்க உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். நீங்கள் கதவைத் திறந்து, "வாங்க டீச்சர், சொல்லாமக் கொள்ளாம! தொண்டை எப்படி இருக்கு?" என்றீர்கள். நான் சிலேட்டைக் காட்டினேன். "பேசக்கூடாது. உங்களால்." என்று வழியிலேயே எழுதி வைத்திருந்தேன்.

உலகத்தில் யாரும் அப்படி ஒரு சண்டை போட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் வாயால், நான் சிலேட்டால். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நீங்கள் பத்து வரி பேசிவிடுவீர்கள், என் வரிக்குப் பொருத்தமே இல்லாமல் போய்விடும். முந்தானையால் அழித்து அழித்து என் சேலை வெளுத்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன். "ஏன் டீச்சர், சிலேட்டுலயும் கத்துதீங்க" என்றீர்கள். கடைசியில் ஒரே சொல் எழுதினேன்: பாடுங்க.

அலமாரியிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்தீர்கள். துருத்தியை அமுக்கினீர்கள். முதல் ஒலியிலேயே நான் தலையைத் தூக்கினேன். நீங்கள் அந்தச் சுருதியில் பாட ஆரம்பித்து, இரண்டு வரி பாடி, பூப்போலத்தான் பாடினீர்கள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினீர்கள். என் பையில் கோயம்புத்தூரில் வாங்கிய சுருதிக் குழல் இருந்தது. பேசத்தானே கூடாது, ஊதலாம். ஐந்து கட்டையை ஊதினேன். உங்கள் பெட்டி எங்கேயோ கீழே கிடந்தது. நாலை ஊதினேன். அதற்கு ஒரு நூலிழை மேலே இருந்தது உங்கள் ஐந்து.

அதாவது நான் ஆரம்பத்திலிருந்தே உங்கள் ஐந்துக்குப் பக்கத்தில்தான் பாடிக்கொண்டிருந்தேன். நீங்கள் பாடாத ஓர் உயரத்துக்கு என்னை ஏற்றிவிட்டு, நான் விழுந்துகொண்டிருந்தபோதெல்லாம் புளியைக் குறைக்கச் சொன்னீர்கள்.

"ஒங்க குழல் தப்பா இருக்கும்" என்றீர்கள். நான் சிலேட்டைத் தரையில் வைத்தேன், எழுத என்ன இருக்கிறது? "போடியில ஒருத்தன் ரீடச் சுரண்டித் தந்தான், நான் சேந்த வருசம். அதுக்கு முன்னாடி இது வேற மாதிரி கேட்டுச்சோ என்னமோ" என்று முனகினீர்கள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயிலுக்கு நடந்தீர்கள், அங்கே பஜனைக்கு ஒரு ஹார்மோனியம் உண்டு என்று. ஹார்மோனியம் என் குழல் பக்கம் சேர்ந்துகொண்டது. முகாமில் ஆண் குரலுக்காக வைத்த ஒன்றரைக் கட்டைத் தம்புராவுக்கு எல்லோரும் பாடியபோது நீங்கள் வாயை மட்டும் அசைத்ததாகத் திரும்பும் வழியில் சொன்னீர்கள். இத்தனை வருஷம் உங்கள் பெட்டியோடு ஒத்துப் பார்க்க மலையில் இன்னொரு பாட்டு டீச்சர் இல்லை என்றும் சொன்னீர்கள். அதைச் சொன்னபோது உங்கள் குரல் மாறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, இன்னும் கோபமாகத்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பங்கையும் எழுதிக் காட்டினேன். கார்பன் தாள். மூன்று டீச்சர்கள். மூவருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. நீங்கள் இரண்டு முறை படித்தீர்கள். என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். "வெலாசம் எழுதுங்க" என்றீர்கள். அன்றைக்கே மூன்று கார்டு எழுதினீர்கள். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். "என் பெட்டி தப்பு. நான் ஐந்து என்றது உங்கள் நாலு. உங்கள் தொண்டை கெட்டதற்குக் காரணம் நான். உடனே இறங்கவும்." பத்தாவது படிக்கும் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினீர்கள். என்னிடம் மட்டும் மன்னிப்பு என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து, "பேசிராதீங்க" என்றீர்கள். பேசினால்தானே சண்டை போட முடியும், பேசவும் விடவில்லை.

மூன்று வாரம் முடியும் நாளன்று காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். கையில் இந்தப் பெட்டி. மலையிலிருந்து அவ்வளவு தூரமும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அம்மா பதறிப்போய், "ஏனுங்க டீச்சரு, எம்புள்ளைக்குத் தொண்ட வருமுங்களா?" என்று கேட்டாள். "வரும்மா. வராம எங்க போகுது" என்றீர்கள். சொல்லிக்கொண்டே பெட்டியைத் தரையில் இறக்கினீர்கள்.

"இந்தச் சுருதி ஒங்களக் கெடுக்காது. நான் இத்தன வருசம் பாடிப் பாத்தது" என்று துருத்தியை அமுக்கினீர்கள். பாடச் சொல்லவில்லை. வாயை மூடி, தாடையைத் தொங்கவிட்டு, ம் என்று மட்டும் சொல்லச் சொன்னீர்கள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை காற்று. அம்மா உள்ளே போய்விட்டாள், பார்க்க முடியாமல். மூன்றாவது தடவை ஏதோ ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், உங்கள் பெட்டியின் ஒலியோடு போய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் துருத்தியை நிறுத்தவில்லை. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே வடிய விட்டுக்கொண்டு அமுக்கினீர்கள். "கெட்டியா வேண்டாம். இம்புட்டுப் போதும். நாளைக்கு மிச்சம்" என்றீர்கள்.

நாலு நாள் இருந்தீர்கள். பகலில் பெட்டியோடு கிளம்பி, மற்ற மூன்று டீச்சர்கள் வீட்டுக்கும் போய், ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து அதே ம் சொல்ல வைத்தீர்கள். நான்தான் வழிகாட்டினேன். ஒருத்தி உங்களை வாசலில் நிற்க வைத்தே பத்து நிமிஷம் ஏசினாள். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "சரி, தொண்டையக் காட்டுங்க" என்றீர்கள். முகாமில் அந்தப் பெரியவர் பாக்கியம் என்று நழுவியதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சொன்னால் பிழை வரும், வந்தால் வீடு வீடாகப் போய் ஏச்சு வாங்க வேண்டும். சொல்லாமல் இருப்பது சுலபம்.

பூஜை லீவு முடிந்து பிரேயரில் நான் பாடினேன். ஹெட்மாஷ் தையல் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வட்டாரத்தில் அந்தச் சுருதிக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. "மலை அஞ்சு" என்போம். நாலு இல்லை, நாலரையும் இல்லை, எந்தப் பெட்டியிலும் கிடையாது. நாலு பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் பிரேயர் பாடின. புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர் பெட்டியைத் திறந்து பார்த்துக் குழம்புவாள். நாங்கள் பாடிக் காட்டுவோம். நீங்கள் அந்த ரீடைச் சரிசெய்யாமலே வைத்திருந்தீர்கள். ஏன் என்று நான் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்டு எழுதினேன். நீங்கள் வருஷத்துக்கு ஒரு தரம் மழையைப் பற்றிப் பதில் எழுதினீர்கள்.

இப்போது உங்கள் மகள் சரிசெய்துவிட்டாள். அவளிடம் இதையெல்லாம் நீங்கள் சொல்லவில்லை, அதுதானே? ஒரு வார்த்தை. "இதத் தொடாதே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவைக்க உங்களுக்கு முடியவில்லை. எத்தனையோ பேருக்குத் தாடையைப் பற்றிச் சொன்னீர்கள். மற்ற மூன்று டீச்சர்களும் உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். பள்ளிகளில் இப்போது பிரேயர் ஸ்பீக்கரில் வருகிறது.

நேற்று ராத்திரி தூங்கவில்லை, இன்று மத்தியானம்தான் தைரியம் வந்தது. பெட்டியை மூடி அந்த வாயில் சேலையில் திரும்பச் சுற்றித் தள்ளி வைத்தேன். குழலையும் எடுக்கவில்லை. தாடையைத் தொங்கவிட்டேன். கண்ணை மூடி, ம் என்றேன். வயதான குரல், ஓரத்தில் கிழிசல் இருக்கிறது. ஆனால் போய் நின்ற இடம் நாலு இல்லை டீச்சர். நூலிழை மேலே. தேடவே இல்லை, அதுவே போய் அங்கே உட்கார்ந்தது. துருத்தியின் மேல் உங்கள் கை இருந்த நாள் மாதிரியே. அதிலேயே நின்று, மூச்சு முடியும்வரை பிடித்தேன், பிறகு மறுபடி பிடித்தேன்.

விதிப்படி கடைசி வரி. சாயங்காலம் ஆகிவிட்டது. தொண்டை வலிக்கிறது. பாடியதால் இல்லை.